பழைய அம்பாசடருக்கு புது பெயிண்டா? பட்டிக்கு அடியில் என்ன இருக்குன்னு பாருங்க!

சேத்தியாத்தோப்பு:

அப்பா ஓட்டிய அம்பாசடர் கார். பல வருஷமாக கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மகனுக்கு ஆசை வருகிறது. "ஒரு பெயிண்ட் அடிச்சு ரோட்டுக்கு கொண்டு வந்துடலாம்" என்று பட்டறையில் கொண்டு போய் விடுகிறார்.

ஒரே வாரத்தில் கார் பளபளவென்று வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. தெருவே திரும்பிப் பார்க்கிறது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி ஊரைச் சுற்றி வருகிறார்கள்.

அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிகிறது. கதவுக்கு அடியில் சின்னதாக ஒரு கொப்புளம் கிளம்புகிறது. விரலால் அமுக்கினால் பெயிண்ட் உடைந்து பழுப்புத் தண்ணி கசிகிறது. தை மாசத்துக்குள் அந்த இடத்தில் ஓட்டை விழுகிறது. கொடுத்த காசு மொத்தமும் போச்சு.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பழைய காரை புதுசாக்க நினைக்கும் பலருக்கும் நடப்பதுதான். காரணம் மட்டமான பெயிண்டா? பெரும்பாலும் இல்லை. பெயிண்டுக்கு அடியில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததுதான் காரணம்.

பெயிண்ட் கடைசி வேலை

விருத்தாசலம் பக்கம் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பச்சை மண்ணில் கோளாறு இருந்தாலோ, மேலே தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தாலோ, மேல் பூச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சூளையில் இருந்து வரும்போது சுருங்கி ஒதுங்கிவிடும். பழியைப் பூச்சு மேல் போட்டு பிரயோஜனம் இல்லை.

காரும் அப்படித்தான். டிங்கரிங், துரு எடுப்பு, பட்டி, பிரைமர், தேய்ப்பு எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வருவதுதான் பெயிண்ட். ஒரு பழைய காரைச் சரியாகப் புதுப்பித்தால், மொத்த நாளில் ஸ்ப்ரே கன் பிடிக்கும் நேரம் ரொம்பக் கொஞ்சம். மிச்ச நாள் எல்லாம் சுத்தியலும், வெல்டிங்கும், உப்புத்தாளும்தான்.

அம்பாசடருக்கு பாடிதான் முதுகெலும்பு

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு 3-வது வரிசை காரை அடிப்படையாக வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் கடைசியில் அம்பாசடரைக் கொண்டு வந்தது. மேற்கு வங்காளம் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம் வேலை நிறுத்தப்பட்டது. அதோடு அம்பாசடர் உற்பத்தியும் முடிந்தது. அந்தப் பெயரை 2017-ல் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

புது வண்டி வராததால், இருக்கிற வண்டியைக் காப்பாற்றினால்தான் உண்டு. இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் அடியில் தனி சேஸ் இருக்கும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கும் தனி சேஸ் உண்டு. அதில் மேலே இருக்கிற தகரம் இற்றுப் போனாலும் பாரத்தைச் சேஸ் தாங்கும்.

அம்பாசடருக்கு அப்படி முழு சேஸ் கிடையாது. பாடி, தரைத் தகரம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான பகுதி எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டு, அதுவே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. அதனால் அம்பாசடரில் துரு என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. முதுகெலும்பு சம்பந்தப்பட்ட விஷயம். இற்றுப்போன இடத்தைப் பட்டி வைத்து மறைத்துவிட்டு குடும்பத்தோடு ஹைவேயில் போனால், மோதும் நேரத்தில் அந்தப் பட்டி யாரையும் காப்பாற்றாது.

நம்ம ஊரில் துரு ஏன் அதிகம்?

இரும்பு, தண்ணி, காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம். சேத்தியாத்தோப்பு பக்கம் வெள்ளாறு, வீராணம் ஏரி, நெல் வயல், கரும்புக் காடு என்று ஈரத்துக்கு குறைவே இல்லை. கிழக்கே போனால் கடல் காற்று.

கடலூர் மாவட்டத்தில் 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. 2015-ல் பெரு வெள்ளம் வந்தது. அப்படித் தண்ணியில் நின்ற வண்டிகளில், வெளியே கழுவினாலும் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் வண்டல் தங்கிவிடும். அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தே தகரத்தைத் தின்னும். வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும்.

துரு ஒளிந்திருக்கும் இடங்கள்

பழைய கார் வாங்கப் போனாலும் சரி, சொந்த வண்டியைச் செய்யப் போனாலும் சரி, முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

* கால் மிதிக்கும் தரைத் தகரம். ரப்பர் மேட்டையும் அடியில் உள்ள கோணி, பஞ்சையும் தூக்கிப் பார்க்க வேண்டும்.

* கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதி, ஜாக்கி வைக்கும் இடம்.

* கதவின் அடி விளிம்பு. இங்கே தண்ணி வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். அழுக்கு அடைத்தால் கதவுக்குள் தண்ணி தேங்கும்.

* முன் மட்கார்டின் பின் பக்கம், டயர் சேறு அடிக்கும் மூலை.

* டிக்கியின் தரை, ஸ்டெப்னி வைக்கும் இடம்.

* முன் கண்ணாடி, பின் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங்குக்கு அடியில்.

ஸ்குரூ டிரைவரின் பின் பக்கத்தால் லேசாகத் தட்டினால் நல்ல தகரம் "டங்" என்று சொல்லும். இற்றுப்போன இடமும், பட்டி அடைத்த இடமும் "தொப்" என்று சொல்லும்.

வெட்டித்தான் ஆகணும்

துருவில் இரண்டு வகை. மேலே பழுப்பாகப் படிந்து, அடியில் தகரம் கெட்டியாக இருந்தால் அது மேல் துரு. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்து, பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி போட்டு, நன்றாகக் கழுவிக் காய வைத்தால் போதும்.

தகரம் சல்லடை மாதிரி ஆகிவிட்டால் வேறு வழி இல்லை. கெட்ட இடத்தைச் சுற்றி நல்ல தகரம் வருகிற வரை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகரத்தை அதே வளைவுக்குத் தட்டி வெல்டிங் செய்ய வேண்டும். 20 கேஜ் தகரம் என்றால் சுமார் 0.9 மில்லி மீட்டர் கனம். 22 கேஜ் என்றால் சுமார் 0.7 மில்லி மீட்டர். நம்பர் கூடினால் கனம் குறையும். பாரம் தாங்கும் இடத்தில் மெல்லிசான தகரத்தை வைத்தால் அது பேருக்குத்தான்.

பழைய தகரத்தின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்டுப் போட்டால் நடுவில் ஈரம் மாட்டிக்கொள்ளும். துரு இரண்டு மடங்காகும்.

கதவுக்குக் கீழே உள்ள பெட்டியை வெட்டும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். வண்டி நான்கு பக்கமும் சமமாக, கெட்டியான ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு வெட்டினால் பாடி நடுவில் தொங்கிவிடும். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் கதவு சரியாக மூடாது. அதனால்தான் அனுபவசாலிகள் நடுவில் கம்பி முட்டுக் கொடுத்து, கதவை அடிக்கடி மூடிப் பார்த்து வெல்டிங் வைக்கிறார்கள்.

கேஸ் வெல்டிங் சூட்டில் மெல்லிய தகரம் நெளிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு கேஸ் வைத்து செய்யும் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைத்தால் நெளிவு குறையும்.

வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றணும். பெட்ரோல் டேங்க்கை இறக்கி தூரமாக வைக்கணும். டேங்க் காலி என்று அலட்சியம் வேண்டாம். காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் சட்டென்று பிடித்து வெடிக்கும்.

பட்டி மருந்து மாதிரி, சோறு மாதிரி இல்லை

பட்டி மேல் தப்பு கிடையாது. சுத்தியலும் டாலியும் வைத்துத் தட்டி, பள்ளத்தை முடிந்த வரை எடுத்த பிறகு, மிச்சம் இருக்கும் மேடு பள்ளத்தை நிரவத்தான் பட்டி. 2 முதல் 3 மில்லி மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அரை இஞ்சு, ஒரு இஞ்சு பட்டி என்றால் குண்டும் குழியுமான ரோட்டில் ஓடும்போதே வெடிப்பு விட ஆரம்பிக்கும்.

பட்டியோடு கலக்கும் ஹார்ட்னர் 100 கிராமுக்கு 2 கிராம் அளவில் இருந்தால் போதும். சீக்கிரம் காயட்டும் என்று அள்ளிப் போட்டால், மேலே அடிக்கும் பெயிண்டில் கறை ஏறும். குறைத்துப் போட்டால் பட்டி உள்ளே வேகாது.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. பட்டி தண்ணியை உறிஞ்சும். பட்டியை தண்ணி ஊற்றித் தேய்த்துவிட்டு அவசரமாகப் பிரைமர் அடித்தால், உள்ளே போன ஈரம் தகரத்தில் துருவாகவும் மேலே கொப்புளமாகவும் வரும். அதனால் பட்டியை 80, 120, 180, 240 நம்பர் உப்புத்தாளில் காய்ந்த நிலையிலேயே தேய்க்க வேண்டும். பிரைமர் அடித்த பிறகு 400, 600 நம்பர் தாளில் தண்ணி ஊற்றித் தேய்க்கலாம்.

பிரைமர் இல்லாத தகரம் சட்டை இல்லாத உடம்பு

சுத்தமாகத் தேய்த்த வெறும் தகரத்தை இந்த ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி விட்டாலே பழுப்பு தட்டிவிடும். தேய்த்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். வெறும் கையால் தொட்டால் வியர்வை உப்பு ஒட்டும். சுத்தமான துணியில் துடைத்துவிட்டு அடிப்பதே நல்லது.

கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கும் ரெட் ஆக்சைடையே காருக்கும் அடித்துவிடுகிறார்கள். அது ஈரத்தை முழுசாகத் தடுக்காது. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் தகரத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தையும் தடுக்கும். காசு கொஞ்சம் கூட. ஆனால் காசு போட வேண்டிய இடமே இதுதான்.

டூகோவா, பி.யூ.வா?

பட்டறையில் "டூகோ" என்று சொல்வது ஒரு கம்பெனிப் பெயர். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1920-களில் கொண்டு வந்த பெயிண்டுக்கு வைத்த பெயர் அது. அதற்கு முன் கார் பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆகும். டூகோ வந்த பிறகு நாள் கணக்கு சீக்கிரம் குறைந்தது. அந்தப் பெயரே நம்ம ஊரில் கார் பெயிண்டுக்கு பொதுப் பெயராக நின்றுவிட்டது.

டூகோ வகை பெயிண்ட் சட்டென்று காயும். தேய்த்துப் பாலீஷ் போட்டால் பழைய காருக்கே உரிய மெல்லிய பளபளப்பு வரும். ஆனால் வெயிலில் சீக்கிரம் மங்கும். பெட்ரோல் சிந்தினால் கறையாகும்.

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பி.யூ. பெயிண்ட் கெட்டியானது. வெயிலையும் பெட்ரோலையும் தாங்கும். தினமும் ஓடுகிற வண்டிக்கு இதுதான் லாயக்கு. ஒரு எச்சரிக்கை. பழைய டூகோ மேல் நேராக பி.யூ. அடித்தால், அதில் உள்ள தின்னர் அடிப்பெயிண்டைக் கிளப்பிச் சுருங்க வைத்துவிடும். பழையதை எடுத்துவிட்டோ, நடுவில் சரியான பிரைமர் கொடுத்தோதான் அடிக்க வேண்டும்.

எதை அடித்தாலும் கன்னுக்கும் பாடிக்கும் நடுவில் சுமார் 6 முதல் 10 இஞ்சு இடைவெளி வேண்டும். கிட்டே போனால் பெயிண்ட் வழியும். தூரம் போனால் காற்றிலேயே காய்ந்து ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி சொரசொரப்பாக விழும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் 10, 15 நிமிஷம் விட வேண்டும்.

மழைக்காலத்தில் வேண்டாம்

தீபாவளிக்கு வண்டி வேணும் என்று அவசரப்படுத்துவது வழக்கம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் அதிகம். டூகோ அடிக்கும்போது தின்னர் சட்டென்று ஆவியாகி அந்த இடம் குளிர்ந்துவிடும். காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படியும். கறுப்பு பெயிண்ட் கூட பால் தெளித்த மாதிரி வெளுத்துப் போகும். கம்ப்ரசர் டேங்க்கில் தேங்கும் தண்ணியும் பைப் வழியாக வந்து பெயிண்டைக் கெடுக்கும். தினமும் அதைத் திறந்து வடிக்க வேண்டும்.

கரும்பு வெட்டு நேரத்தில் சோகை கொளுத்தினால் சாம்பல் பறந்து ஈரப் பெயிண்டில் உட்காரும். நெல் அறுப்பு நேரத்தில் தூசி. சுற்றிலும் படுதா கட்டி, தரையில் தண்ணி தெளித்து தூசியை அடக்கி அடிப்பது நல்லது. மாசி, பங்குனி மாச வெயில் பெயிண்ட் வேலைக்கு ஏற்ற காலம்.

ஏமாறாமல் இருக்க 5 வழி

1. பிரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்ன காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்க. தகரத்தில் ஒட்டும். பட்டி கனமாக இருந்தால் நழுவி விழும்.

2. மொத்தமாகப் பேசாமல் டிங்கரிங் தனி, பெயிண்ட் தனி என்று பேசுங்க. எந்தத் தகரம், எந்தப் பிரைமர், எத்தனை கோட் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்க.

3. வெட்டும்போது ஒரு முறை, வெல்டிங் முடிந்ததும் ஒரு முறை, பட்டிக்கு முன் ஒரு முறை நேரில் போய் பாருங்க. செல்போனில் போட்டோ எடுத்து வையுங்க. பெயிண்ட் அடித்த பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

4. கதவுக்கு அடியில் தண்ணி வடியும் ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துவிட்டார்களா என்று பாருங்க. அடைத்திருந்தால் அடுத்த மழையிலேயே துரு தொடங்கும். பெட்டிப் பகுதிக்குள் துரு தடுக்கும் மெழுகு எண்ணெய் அடிக்கச் சொல்லுங்க.

5. "மூணு நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்றால் உஷார். பட்டி, பிரைமர், பெயிண்ட் ஒவ்வொன்றும் காயவே நாள் வேண்டும்.

மேஸ்திரி நெஞ்சுக்கும் பாதுகாப்பு வேணும்

வண்டி பளபளக்கிறது. அடித்தவர் இருமுகிறார். இதைப் பேசுபவர்கள் குறைவு. பி.யூ. பெயிண்ட் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அந்தப் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும். ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். வாசனை வைத்து அளவைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கர்ச்சீப்போ, துணி மாஸ்க்கோ இதைத் தடுக்காது. வெளியே இருந்து பைப்பில் சுத்தமான காற்று வரும் முகமூடிதான் முழுப் பாதுகாப்பு. பழைய கார் பெயிண்டிலும், அந்தக் காலத்தில் பாடி இணைப்பை நிரவ வைத்த பூச்சிலும் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கும் தூசி ஆபத்து. அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய் குழந்தையைத் தூக்குவதும் ஆபத்து. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 2017 நவம்பர் முதல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. கொட்டகையில் கிடக்கும் 40 வருஷத்து காருக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஓட்டுநர்களுக்கும் மோட்டார் வாகனம் பழுது பார்க்கும் தொழிலாளர்களுக்கும் தமிழக அரசின் தனி நல வாரியம் இருக்கிறது. டிங்கர், பெயிண்டர் தொழிலாளர்கள் மாவட்ட தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் கேட்டு பதிவு செய்து கொள்ளலாம்.

ஆர்.டி.ஓ. விஷயம்

சொந்த காருக்கு ஆர்.சி. 15 வருஷம். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10 ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. பெயிண்டில் காசு போடும் முன் இந்தக் கணக்கையும் போட்டுவிடுங்க.

வெள்ளை காரைக் கறுப்பாக்கினால் ஆர்.சி.யிலும் நிறம் மாற வேண்டும். முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் சோதனையில் வண்டி மாட்டும்.

முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய சொந்த வண்டிகளை "விண்டேஜ்" என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. அதற்கு பாடி, இன்ஜின் எல்லாம் பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். கண்டபடி வெட்டி மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். அப்படிப் பதிவான வண்டியை கண்காட்சி, பேரணி மாதிரி விஷயங்களுக்குத்தான் ஓட்டலாம். தினசரி சவாரிக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது.

ஒழுங்காகப் புதுப்பித்த பழைய கார் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டால், கோவையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்கும், சென்னையில் 2023-ல் திறந்த ஏ.வி.எம். ஹெரிட்டேஜ் மியூசியத்துக்கும் ஒரு நடை போய் வரலாம்.

கையில் காசு கம்மியாக இருந்தால் பெயிண்டைத் தள்ளிப் போடுங்க. முதலில் துருவை வெட்டி, தகரம் வைத்து, நல்ல பிரைமர் மட்டும் அடித்து, மழை படாமல் நிறுத்தி வையுங்க. சாம்பல் நிறத்தில் நிற்கும் வண்டியைப் பார்த்து நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். அடுத்த வருஷம் காசு சேர்ந்ததும் அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் நிற்கும். அப்பா ஓட்டிய வண்டி பேரன் காலத்துக்கும் ஓடும்.